விழுந்த இடத்தை ஏன் வெட்டினாய்?

"மாமா, குல்மார்க்ல ஸ்கீயிங் பண்ணோம்ல... அந்த வீடியோ. மொத்தம் 14 நிமிஷம். பாத்தீங்கன்னா அசந்துடுவீங்க!"

சென்னையிலிருந்து வந்த தங்கை மகன், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், செல்போனை டி.வி.யோடு இணைத்தபடி சொன்னான். சொன்னது பலித்தது. நாலாவது நிமிஷத்தில் என் அம்மா நாற்காலியிலேயே அசந்துபோனார். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்துபோன தங்கை திரும்பி வரவில்லை. என் மனைவி மட்டும் மரியாதைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷமாகக் காசு சேர்த்து, நாலு நண்பர்களோடு காஷ்மீர் போய், பயிற்சியாளர் ஒருவரை வைத்து ஐந்து நாள் கற்றுக்கொண்டு பனியில் சறுக்கியிருக்கிறான். செஞ்சி வெயிலில் வளர்ந்த பையனுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால், திரையில் என்ன தெரிந்தது? சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு. நடுவில் எறும்பு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி மெதுவாகப் பெரிதாகி, யாரென்று நமக்குத் தெரிவதற்குள் கேமராவைத் தாண்டிப் போய்விடும். பிறகு இன்னொரு புள்ளி. பின்னணியில் காதைக் கிழிக்கும் பாட்டு.

11-வது நிமிஷத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு பையன் மேலிருந்து கிளம்புகிறான். கொஞ்சம் வேகமாகவே வருகிறான். பாதி வழியில் காட்சி சட்டென்று முடிந்து, ஓட்டல் அறை. எல்லோரும் டீ குடிக்கிறார்கள். அதே பையன் கட்டிலில் கிடக்கிறான், முட்டியில் பெரிய கட்டோடு.

"நடுவுல இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. சின்னதா விழுந்துட்டான். அத வெட்டிட்டேன்."

"ஏன் வெட்டுன?"

பதில் சொல்லாமல் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான்.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் 27 வருஷம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். பனியை வீட்டு ஃப்ரிட்ஜில் பார்த்ததோடு சரி. ஆனாலும் மணாலி, ஔலி, குல்மார்க் என்று பிள்ளைகள் கிளம்பிப் போவதும், திரும்பி வந்து "நேர்ல செமயா இருந்துச்சு, வீடியோல ஒண்ணுமே தெரியல" என்று புலம்புவதும் இப்போது நம் வீடுகளிலும் சகஜமாகிவிட்டது. சரிவும் கேமராவும் எந்த ஊரிலும் ஒன்றுதான். பனி இல்லாவிட்டால் என்ன, நமக்குத்தான் மலை இருக்கிறதே! மறுநாள் காலை அவனை ராஜகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

போகும் வழியில் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் வாரன் மில்லர் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் இருந்தவர். 1946-ல் வெளியே வந்ததும் ஒரு 8 எம்.எம். கேமரா வாங்கினார். சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரில், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சின்ன டிரெய்லர் வண்டியைப் போட்டுக்கொண்டு, நண்பரோடு குளிர்காலம் முழுக்க அதிலேயே குடியிருந்தார். ஒருவர் சறுக்க, இன்னொருவர் படம் எடுக்க வேண்டும். யாருக்குக் காட்டுவதற்கு? முதலில் தங்களுக்கே. எங்கே தப்பு செய்கிறோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளத்தான் எடுத்தார்கள். பிறகு அதை நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, பக்கத்தில் நின்று கிண்டலாக விளக்கம் சொன்னார். கூட்டம் ரசித்தது. 1950 வாக்கில் முதல் முழுப்படம் வந்தது. அதன்பின் வருஷத்துக்கு ஒரு படம் என்று மண்டபம் மண்டபமாகத் திரையிட்டு, பனிச்சறுக்குப் படம் என்றாலே அவர் பெயர் என்று ஆனது. 2018-ல் தன் 93-வது வயதில் காலமானார்.

"அவர் படத்துல பெரிய பெரிய வீரர்கள் மட்டும் இல்லடா. லிஃப்ட் நாற்காலியில ஒழுங்கா ஏறத் தெரியாம விழுறவங்களும் இருப்பாங்க. ஜனங்க அதையும்தான் விரும்பிப் பாத்தாங்க" என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படியில் நடந்த பாடம்

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாகச் சேர்த்தபோது, அதில் 11 மகாராஷ்டிராவில் இருப்பவை, மீதி ஒன்று நம் செஞ்சி. விடுமுறை நாட்களில் இப்போது படிகளில் ஆட்களைவிடக் கைகளில் நீட்டிய போன்கள்தான் அதிகம் தெரிகின்றன.

கால்வாசி ஏறியதும் நின்றேன். "நீ மேல நில்லு. நான் கீழ இறங்கறேன். குல்மார்க்ல எப்படி எடுத்தியோ அப்படியே எடு."

எடுத்தான். பார்த்தோம். செங்குத்தான படிகள், ஏதோ வீட்டு வராண்டா மாதிரி தட்டையாகத் தெரிந்தன. முதுகு காட்டி ஒரு ஆள் நடந்துபோகிறார், அவ்வளவுதான்.

"இதுதான் மாமா பிரச்சினையே. அங்க மேல நின்னு பாத்தா வயிறு கலங்கும். வீடியோல பாத்தா விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கு."

காரணம் எளிது. நமக்கு இரண்டு கண். பள்ளத்தின் ஆழத்தை இரண்டு கண்ணும் சேர்ந்து அளந்துகொள்கின்றன. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும், நடுங்குகிற காலும் கூடச் சேர்ந்து "சரிவு, சரிவு" என்று சொல்கின்றன. கேமராவுக்கு ஒரே கண். காலும் இல்லை, பயமும் இல்லை. அதனால் மேலிருந்து நேராகக் கீழே பார்த்து எடுத்தால் மலை படுத்துவிடும். அகலக் கோண லென்ஸ் உள்ள செல்போனும் ஆக்‌ஷன் கேமராவும் தூரத்தில் உள்ள ஆளை இன்னும் சின்னதாக்கிவிடும்.

"இப்ப பக்கவாட்டுல வா. அந்தத் தூண் ஃப்ரேமுக்குள்ள இருக்கட்டும்."

படிகளுக்குப் பக்கத்தில் தள்ளி நின்று எடுத்தான். இந்த முறை, நிமிர்ந்து நிற்கும் கல்தூணுக்குப் பக்கத்தில் படிகள் சாய்ந்து இறங்கின. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதுபோல, நேராக நிற்கிற ஒரு பொருள் இருந்தால்தான் சாய்வு சாய்வாகத் தெரியும். குல்மார்க்கில் அதற்குத் தேவதாரு மரங்களே இருக்கின்றன. கேமராவை மட்டும் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் மரமும் சாய்ந்து, பார்ப்பவருக்குப் பொய் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கீழே இருந்து. படியோரம் உட்கார்ந்து, போனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடிக்கச் சொன்னேன். நான் மேலிருந்து இறங்கி, அவனைத் தாண்டிப் போனேன். என் செருப்பும், வேட்டி நுனியும், படியில் ஊன்றிய கையும் திரையை நிறைத்துக்கொண்டு வந்தன. வேகம் என்பது பக்கத்தில் இருக்கிற பொருள் கடந்து போவதில்தான் தெரியும். ரயில் ஜன்னலில் தூரத்து மலை நகர்வதில்லை, தந்திக் கம்பம் பறக்கிறது. கேமராவைத் தாழ்த்தினால் பக்கத்துத் தரையே தந்திக் கம்பமாகிவிடும்.

மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தான். "மாமா, நீங்க மெதுவாத்தான் இறங்குனீங்க. ஆனா எங்க விழுந்துடுவீங்களோன்னு பயமா இருக்கு!"

60 வயசு, இரண்டு முட்டியும் தேய்மானம். பயம் வராமல் என்ன செய்யும்? ஆனால் விஷயம் அதுதான். பார்ப்பவருக்குப் படபடப்பு வருவது வேகத்தால் இல்லை. இந்த ஆள் யார், எங்கே போக வேண்டும், போய்ச் சேருவானா என்ற மூன்றும் தெரிந்தால் போதும், படிக்கட்டு இறங்குவதுகூடத் திகில் படம்தான். அவனுடைய 14 நிமிஷத்தில் முகமே இல்லை. கிளம்புவதற்கு முன் எச்சில் விழுங்குகிற முகம், கீழே வந்து நின்றதும் சிரிக்கிற முகம், இந்த இரண்டும் இல்லாமல் நடுவில் எவ்வளவு வேகம் போட்டாலும் அது கறுப்புப் புள்ளிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்லா வந்த இரண்டு காட்சியிலும் படம் எடுத்தவன் ஓரமாக, ஒரே இடத்தில் அசையாமல் இருந்தான். கேமராக்காரர் ஓட வேண்டியதில்லை. ஓடுபவர் ஓடட்டும்.

பாலத்தருகே

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பாறை இரண்டாகப் பிளந்த இடம் ஒன்று உண்டு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். முகலாயப் படை எட்டு வருஷம் போராடி 1698-ல்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது என்றால், இப்படிப்பட்ட இடங்களும் ஒரு காரணம்.

அங்கே மூன்று இளைஞர்கள். ஒருவன் ஓடி வர, இன்னொருவன் போனைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் நாலடியில் உடைந்த கைப்பிடிச் சுவர். மூன்றாமவன் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நில்லு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு குரங்கு தாவி ஓடியது. பையன் நின்றான். திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இறங்கியது தெரிந்தது. அப்புறம் சமாளித்துக்கொண்டு, "பாத்துக்கிட்டுதான் சார் இருந்தேன்" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தான், திரைக்குள் இருப்பதை மட்டும்.

எனக்குக் கால் நடுங்கியது. நிழலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, 27 வருஷத் தொழிலில் வீட்டில்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றை மருமகனிடம் சொன்னேன்.

1999. பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழா. தோளில் பெரிய வி.எச்.எஸ். கேமரா. லைட் பிடிக்க 16 வயசுப் பையன் ஒருவன் பள்ளி விடுமுறையில் என்னோடு வருவான். ராத்திரி சாமி புறப்பாடு. மேலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு மண்டபத்துத் திண்ணை மேல் ஏறினேன். சாமி முன்னால் வர வர, நான் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நகர்ந்தேன். லைட் என் ஃப்ரேமுக்கு ஏற்ற மாதிரி விழ வேண்டுமே என்று அவனும் சாமியையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். திண்ணை எங்கே முடிகிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

அந்த டேப் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி வானத்துக்குப் போகிறது. பிறகு இருட்டு. மேளச் சத்தத்துக்கு நடுவில் என் குரல்: "லைட்டப் புடிடா! இன்னாடா பண்ற?" கொஞ்சம் கழித்து மறுபடியும், "டேய், லைட்டு!" அதற்கப்புறம்தான் கீழே இருந்து ஒரு பெண் அலறுகிறார்.

அவனுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு. மூன்று மாசம் கட்டு. செலவை நான் பார்த்துக்கொண்டேன். அவனும் வேறு யார் மேலும் பழி போடவில்லை. இன்று திண்டிவனம் பக்கத்தில் சொந்தமாக ஒலி-ஒளி வாடகைக்கு விடுகிறான், பார்த்தால் "அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொள்வான். ஆனால், அவன் விழுந்து கிடந்தபோது நான் அவனை அதட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கும் அந்த டேப்புக்கும் மட்டும் தெரியும்.

"விழாக் கமிட்டிக்குக் கொடுத்த கேசட்ல அந்த இடத்த நானும் வெட்டித்தான்டா கொடுத்தேன்" என்றேன்.

மருமகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்து, நீக்காமல் வைத்திருந்த முழுப் பதிவையும் என்னிடம் காட்டினான்.

நண்பன் வேகமாக வருகிறான். திரும்பத் தெரியாமல் ஒரு கால் இன்னொரு காலின் மேல் ஏறுகிறது. விழுகிறான். கால் முறுக்கிக்கொள்கிறது. "டேய்..." என்கிறான். கேமரா ஆடவே இல்லை. அதற்குப் பின்னாலிருந்து என் மருமகன் சிரிக்கிறான். "மச்சி, செம சீன்டா! அப்படியே இரு, அப்படியே இரு!" 30 நொடிக்கு மேல் அது ஓடுகிறது. பயிற்சியாளர் சறுக்கிக்கொண்டு வந்து குனிந்த பிறகுதான் பதிவு நிற்கிறது.

"தசைநார் விலகிடுச்சு மாமா. ஆறு வாரம் ஆஃபீஸ் போகல அவன். அதுக்கப்புறம் எங்கிட்ட முன்ன மாதிரி பேசறதில்ல. நான் சிரிச்சத அவன் கேட்டிருப்பான்."

அவன் வெட்டியது நண்பன் விழுந்த இடத்தை இல்லை. தான் சிரித்த இடத்தை.

பனிக்குப் போகிறவர்களுக்கு

இறங்கும்போது அவனே கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டவற்றை உங்களுக்கும் தருகிறேன். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை கிளம்பினால் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

படம் எடுப்பவர், சறுக்கும் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருபவருக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். மேட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து நகரக் கூடாது. சறுக்குபவர் தன்னை நோக்கி நேராக வரக் கூடாது. பக்கத்தில் இடைவெளி விட்டுக் கடந்து போக வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர் கையில் செல்ஃபி ஸ்டிக் வேண்டவே வேண்டாம். கைகள் சமநிலைக்கு. கையில் பிடிக்காமல் எடுக்க வழி தேடித்தான் அமெரிக்காவின் நிக் வுட்மன், 2002-ல் அலைச்சறுக்குப் பயணம் போனபோது கேமராவை மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார். 'கோப்ரோ' அப்படித்தான் பிறந்தது. 2004-ல் வந்த அதன் முதல் கேமரா ஃபிலிம் போட்டு எடுப்பது. இன்று ஹெல்மெட்டிலோ நெஞ்சிலோ மாட்டலாம். நெஞ்சில் மாட்டினால் கையும் சறுக்குப் பலகையின் நுனியும் தெரியும், வேகம் புரியும். ஹெல்மெட்டில் மாட்டினால் பல நேரம் வெறும் வெள்ளைதான்.

மாட்டிக்கொண்டால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏழு முறை ஃபார்முலா ஒன் சாம்பியனான மைக்கேல் ஷூமேக்கர், 2013 டிசம்பர் 29-ல் பிரான்ஸின் மெரிபெலில் விழுந்து தலையில் அடிபட்டபோது, அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. விசாரணை அதிகாரிகள் அந்தப் பதிவையும் பார்த்தார்கள். அவர் போனது அப்படி ஒன்றும் மிதமிஞ்சிய வேகம் இல்லை. குறியிட்ட பாதையைவிட்டுச் சில மீட்டர் வெளியே போயிருந்தார், பனிக்கடியில் பாறை இருந்தது. 2023 பிப்ரவரியில் குல்மார்க்கின் அஃபர்வத் மலையில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். கொடி நட்ட பாதைக்கு வெளியே இருக்கிற மிதிபடாத பனி, வீடியோவில் அழகாகத்தான் இருக்கும். அங்கே பயிற்சியாளர் சொன்னதுதான் சட்டம்.

அடுத்து, பனி ஏன் சாம்பலாகத் தெரிகிறது? கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சர்ச் கல்யாணங்களில் மணப்பெண்ணின் வெள்ளை கவுனைத் திரை முழுக்க வைத்தால் அழுக்காகத் தெரியும், நாங்கள் ஐரிஸைக் கொஞ்சம் திறந்துவிடுவோம். செல்போனில் திரையைத் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். பனி வெள்ளையாகும், முகமும் தெளியும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். எடுக்காத நேரத்தில் போன், சட்டையின் உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். அறைக்குள் போகுமுன் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பதுபோல லென்ஸில் வியர்த்துவிடும்.

பாட்டைப் போட்டு ஒலியைக் கொல்லாதீர்கள். பனியைக் கிழிக்கும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், கீழே வந்ததும் வருகிற அந்த ஒரு கூச்சல், இவைதான் உயிர். காற்று இரைச்சலுக்கு மைக் துளைமேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு போதும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. நாலு பேர் போனால், ஒருவர் சறுக்க, ஒருவர் எடுக்க, மூன்றாமவர் கேமராவைப் பார்க்காமல் சுற்றிலும் பார்க்க வேண்டும். அவருக்கு "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் கொடுங்கள். யாராவது விழுந்தால் கேமராக்காரர் வாயிலிருந்து வரும் முதல் சொல், "அடிபட்டுச்சா?" என்பதாக இருக்கட்டும். பதில் வரும்வரை கேமரா கீழே. திருவிழாவில் எனக்கு அப்படி ஒரு மூன்றாம் ஆள் இருந்திருந்தால், திண்ணையின் விளிம்பு அவர் கண்ணில் பட்டிருக்கும்.

ஒரு நிமிஷம் 40 நொடி

அன்று சாயங்காலமே அவன் நண்பனுக்கு போன் போட்டான். மாடியில் ரொம்ப நேரம் பேசினான். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கீழே வந்ததும், "திட்டினான் மாமா. நல்லாத் திட்டினான்" என்றான். முகம் தெளிந்திருந்தது.

ராத்திரி உட்கார்ந்து 14 நிமிஷத்தை வெட்டி, ஒரு நிமிஷம் 40 நொடியாக்கினான். தற்செயலாக எடுத்து வைத்திருந்த துண்டுகளெல்லாம் இப்போது பயன்பட்டன. பூட்ஸ் பூட்டை மாட்டத் தெரியாமல் திணறும் கை. மேலே நிற்கும்போது நண்பனின் முகம், உதட்டைக் கடிக்கிறான். ஓரத்திலிருந்து வேறொருவன் எடுத்த துண்டில், மரங்களுக்குப் பக்கத்தில் சரிந்து வரும் உருவம். பிறகு விழுவது. தன் சிரிப்பையும் அவன் வெட்டவில்லை. மூன்று நொடி வைத்தான். அதற்கடுத்து, பயிற்சியாளரும் நண்பர்களும் தாங்கிப் பிடிக்க அந்தப் பையன் ஒற்றைக் காலில் எழுந்து நிற்பது. அது இன்னொருவனின் போனில் இருந்ததாம், கேட்டு வாங்கியிருந்தான்.

"விழுந்தத வைக்கிறதுக்கு அவன் ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்கிட்டான் மாமா. ஆனா ஒரு கண்டிஷன். 'வீடியோல போடு, ஆனா நான் எழுந்து நிக்கற வரைக்கும் போடு'ன்னான்."

காலையில் மறுபடியும் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். பால் அடுப்பில் இருந்தது, தங்கை எழுந்து போகவில்லை. பால் பொங்கியதுதான் மிச்சம். என் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை தூங்காமல் பார்த்தார்.

"ஏம்பா, வுழுந்த புள்ளைக்கு இப்பக் கால் எப்படி இருக்கு?"

"நடக்கறான் ஆயா. அடுத்த மாசம் செஞ்சிக்கு வரான். கோட்டையப் பாக்கணுமாம்."

"வரட்டும். ஆனா உன் மாமனையும் கூட அனுப்பு" என்றார் அம்மா. "இவன் கத்துனா குரங்கே ஓடுதாமே!"

மருமகன் அதையும் சொல்லிவிட்டிருக்கிறான்.